பாத்ரூம் முகட்டுக்கு வாட்டம் பார்த்தவர்கள்

ஒத்தப்பனையூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் தரை நன்றாக இருக்கும். தரைக்கு மேலே இருப்பதைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது.

தரை நன்றாக இருக்கக் காரணம் ஆண்டிச்சாமி மேஸ்திரியின் செட்டு. மேஸ்திரி, பவுன்ராஜ், மொக்கையன், சீனிமுத்து என்று நாலு பேர். அவர்கள் போட்ட தரையில் கோலியை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாலு பேரும் வேலைக்கு வந்த நாளிலிருந்து தலையைக் குனிந்தே இருந்தவர்கள். அவர்களை அண்ணாந்து பார்க்க வைத்தது குருவம்மா வீட்டுப் பாத்ரூம்தான்.

அது பழைய பாத்ரூம். மேலே சுண்ணாம்புக் காரைத் தளம். ஷவரைத் திறந்துவிட்டால் ஆவி மேலே போகும், காரை ஊறும், ஊறினது பெயர்ந்து விழும். வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிட்டது. எந்த மூலையில் நின்று குளித்தால் தலை தப்பும் என்று அவர்களுக்குத் தெரியும். சித்திரையில் சம்பந்தியம்மா நாகலட்சுமி வந்து தங்கியபோது அந்த மூலையைச் சொல்லிக்கொடுக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். கண்ணில் சோப்போடு நின்ற சம்பந்தியம்மா உச்சந்தலையில் இட்லி அளவுக்கு ஒரு காரை வந்து உட்கார்ந்தது.

சம்பந்தியம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஈரத் தலையோடு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிதானமாகச் சொன்னார்.

"மருமக முழுகாம இருக்கா. தலைப்பிரசவம் தாய் வீட்லதான், நான் இல்லைங்கல. ஆனா இந்த முகட்டுக்குக் கீழ புள்ளைத்தாச்சியை விட மாட்டேன் மதினி. எங்க சித்தி மக வீட்ல ஷவருக்கு மேல பெரிசு பெரிசா டைல்ஸ் ஒட்டியிருக்கா. ஜாயிண்டு ஒண்ணோ ரெண்டோதான். அந்த மாதிரி ஒட்டி வைங்க. வளைகாப்பு முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வருவேன், மேல பார்ப்பேன். சரியா இருந்தா விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா வந்த கார்லயே கூட்டிட்டுப் போயிருவேன்."

குருவம்மாவுக்கு ஒரே மகள், செண்பகம். ஒரே மகளின் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அதைவிட செண்பகமே போனில் அழுதாள். எப்படியாவது அந்த முகட்டைச் சரி பண்ணு, அத்தை காலையில் ஒரு கசாயம், ராத்திரி ஒரு கசாயம் தருகிறார், இரண்டுக்கும் நடுவில் வேப்பங்கொழுந்து, என்னால் முடியவில்லை என்றாள்.

டவுன் கொத்தனார்கள் சின்ன வேலை என்று தட்டிக் கழித்தார்கள். ஐப்பசி வந்துவிட்டது. வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. வேறு வழியில்லாமல் குருவம்மா ஆண்டிச்சாமி மேஸ்திரியைக் கூப்பிட்டு, பாத்ரூமுக்கு மேலே டைல்ஸ் ஒட்டணும் என்றார்.

மேஸ்திரி சரி என்றார். வேலையில் அவர் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குருவம்மா டீ எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனால் அங்கே யாரும் இல்லை. மொட்டைமாடியில் பாத்ரூமுக்கு நேர் மேலே நாலு பேரும் குத்தவைத்து உட்கார்ந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே என்றால் மாடியில் இல்லை, பாத்ரூமுக்கு உள்ளே, மேலே என்று குருவம்மா விளக்கினார். நாலு பேரும் இறங்கிப் போய்ப் பாத்ரூமில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். மொக்கையனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

"மேஸ்திரி, இதுல யாரு நடக்கப் போறா?" என்றான் பவுன்ராஜ்.

நியாயமான கேள்வி. நடக்க ஆளில்லாத இடத்துக்கு அவர்கள் இதுவரைக்கும் டைல்ஸ் ஒட்டியதில்லை. சீனிமுத்துதான் மூலையைக் கைகாட்டினான். அங்கே ஒரு பல்லி நடந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்ப வழவழப்பு ஆகாது" என்றார் மேஸ்திரி. "சொரசொரப்புதான் வாங்கணும். இவ்வளவு உயரத்துல பல்லிக்கு வழுக்கிச்சுன்னா நேரா சம்பந்தியம்மா தலையிலதான் விழும்."

"தலையில பல்லி விழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு" என்றான் மொக்கையன், கழுத்தைப் பிடித்துக்கொண்டே.

டைல்ஸ் கடைக்காரர் குழம்பிவிட்டார். சீலிங்குக்கு எதற்குச் சொரசொரப்பு என்று கேட்டார். அங்கே நடமாட்டம் இருக்கிறது என்று மேஸ்திரி சொன்னார். கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆள் நீளத்துக்கு ஒரு முழம் குறைவான பெரிய பெரிய டைல்ஸாகப் பார்த்து ஏற்றி அனுப்பினார். சும்மா இராமல், பசை தடவி ஒட்டினதும் அது இறுகுகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது என்று வேறு சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேலை தொடங்குவதிலேயே அடுத்த சிக்கல். இவர்கள் குத்தவைத்து உட்கார்ந்துதான் டைல்ஸ் ஒட்டுவார்கள். நின்றுகொண்டு ஒட்டினால் கை நிதானத்துக்கு வராது. முகட்டுக்கு எட்ட ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றால் போதும். ஆனால் முகட்டுக்குக் கீழே குத்தவைத்து உட்கார வேண்டும் என்றால் பாத்ரூம் முழுக்கச் சாரம் கட்ட வேண்டும். கட்டினார்கள். கட்டி முடித்து நாலு பேரும் ஏறி, முகட்டில் தலை இடிக்க வசதியாக உட்கார்ந்தார்கள். டைல்ஸ் கீழே இருந்தது. நாலு பேரும் இறங்கி டைல்ஸை ஏற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். பசை கீழே இருந்தது. இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது.

சாப்பிட்டு வந்ததும் மேஸ்திரி மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்தார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டம் பார்க்கணும். பாத்ரூம் என்றால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி, மூலையில் பதித்த சல்லடை ஜாலி வழியாக வெளியே போக வேண்டும். வாட்டம் இல்லாத பாத்ரூமை அந்த செட்டு போட்டதே கிடையாது.

"இங்க தண்ணி எங்க இருந்து வரும் மேஸ்திரி?" என்று பவுன்ராஜ் கேட்டான்.

"ஆவி மேல போகுதுல்ல? அது என்ன?"

"தண்ணி."

"வந்த தண்ணி எப்படிப் போகும்?"

பவுன்ராஜ் முகட்டில் ஜாலி தேடினான். யோசித்துப் பார்த்தால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் வாட்டம் வைப்பது என்று அவர்கள் பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். கீழே போகிற தண்ணீருக்குப் பள்ளமாக வைக்கிறோம், மேலே வருகிற தண்ணீருக்கு மேடாக வைக்கணும் என்று சீனிமுத்து சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. மேடான மூலையில் உளி வைத்து அடித்து, மாடி வரைக்கும் ஓட்டை போட்டு, ஒரு எவர்சில்வர் ஜாலியையும் பதித்துவிட்டார்கள். ஜாலி கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய தளம் மட்டும் அந்த ஓட்டையில் ஆரம்பித்து நீளமாக ஒரு கீறல் விட்டது.

மறுநாள் காலையில் குருவம்மா பாத்ரூமில் சூரிய வெளிச்சத்தைப் பார்த்தார். அந்தப் பாத்ரூமில் அவர் வெயிலைப் பார்த்ததே இல்லை. மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். குருவம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, எனக்கு வாட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், டைல்ஸை ஒட்டுங்கள், நாளைக்கு வளைகாப்பு என்றார்.

ஒட்டினார்கள். முதல் டைல்ஸில் பசை தடவி முகட்டில் வைத்து நாலு பேரும் எட்டுக் கையாலும் அழுத்திப் பிடித்தார்கள். நன்றாக உட்கார்ந்தது. அடுத்த டைல்ஸை எடுக்க யாராவது கையை எடுக்க வேண்டும். கையை எடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் அடுத்த டைல்ஸை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

குருவம்மா வந்து பார்த்தபோது பவுன்ராஜ் தன் மூக்கைச் சீனிமுத்துவின் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்கு அரித்ததாம்.

"ஒரு டைல்ஸுக்கு நாலு பேரா?" என்றார் குருவம்மா.

"பெரிய டைல்ஸு, அக்கா" என்றார் மேஸ்திரி.

நாளைக்குள் முடியணுமே என்ற பதற்றத்தில் குருவம்மாவும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார். தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வந்தார். பால்காரர், ரேஷன் கடைக்கு வரிசையில் நின்றவர்கள், எதிர்வீட்டு மாப்பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாரும் சாரத்தில் ஏறி ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி டைல்ஸும் மேலே போய்விட்டது. முகடு முழுக்க டைல்ஸ், டைல்ஸ் முழுக்கக் கை. பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் குருவம்மா இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாயில் ஊட்டினார். பால்காரர், தனக்கு வெங்காயச் சட்னி ஆகாது, தேங்காய்ச் சட்னி வேண்டும் என்றார்.

ஊட்டி ஊட்டிக் கை ஓய்ந்துபோன குருவம்மாவுக்குக் கடைசியில் கோபம் வந்துவிட்டது. சாயங்காலம் ஆகியும் ஒருத்தரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பீர்கள், கையை எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று ஒரு அதட்டு அதட்டினார்.

வீட்டுக்காரம்மா சொன்னால் சொன்னதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள்.

நல்லவேளை, எல்லாரும் குத்தவைத்திருந்ததால் டைல்ஸ் விழுவதற்கு அதிக உயரம் இல்லை. ஆளுக்கொரு புடைப்போடு போயிற்று. பாதி டைல்ஸ் உடைந்தது. உடையாத பாதியில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. குருவம்மா சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மகள் வரமாட்டாள், கசாயம் குடித்தே பெற்றுக்கொள்ளட்டும் என்று முந்தானையில் முகத்தைத் துடைத்தார். நாலு பேருக்கும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்ன சொன்னாலும் அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

அழுது முடித்துக் குருவம்மாவே ஒரு வழியும் சொன்னார். உடைந்ததற்குப் பதில் வேறு டைல்ஸ் வாங்கிவந்து ஒட்டி, கையால் பிடிக்காமல் கம்பால் முட்டுக்கொடுங்கள் என்றார். இந்தக் கதையில் யாராவது சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். விளக்குப் போட்டு அப்படியே செய்தார்கள். டைல்ஸ் நின்றது. விடிந்தும் நின்றது. கம்பைத் தட்டிப் பார்த்தார்கள், அப்போதும் நின்றது.

குருவம்மாவுக்கு உயிர் வந்தது. வளைகாப்புக்குச் சித்ரான்னமும் வளையலும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது மேஸ்திரியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் டைல்ஸைத் தொடக் கூடாது. கையும் படக் கூடாது, காலும் படக் கூடாது. சம்பந்தியம்மா சாயங்காலம் என் கூடவே வர்றாங்க. கம்பை மட்டும் மத்தியானமா எடுத்துட்டு, சாரத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு, தரையைத் துடைச்சு வைங்க."

அவர்கள் டைல்ஸைத் தொடவில்லை. இதை அவர்களுக்காக நான் அடித்துச் சொல்வேன். கம்பை எடுத்தார்கள், சாரத்தைப் பிரித்தார்கள். டைல்ஸ் அசையாமல் இருந்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. மொக்கையன்தான் கேட்டான்.

"மேஸ்திரி, எடை வைக்கலையே?"

மேஸ்திரி திடுக்கிட்டுப் போனார். தரையில் டைல்ஸ் ஒட்டினால் அதற்கு மேலே எடை வைப்பது அவர்கள் வழக்கம். மணல் மூட்டையோ கல்லோ வைத்தால்தான் டைல்ஸ் மேலெழும்பாமல் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு செய்துவிட்டு அதை மறந்திருக்கிறார்கள்.

"டைல்ஸைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே" என்றான் பவுன்ராஜ்.

"தொட வேண்டாம். டைல்ஸுக்கு மேல என்ன இருக்கு?"

"தளம்."

"தளத்துக்கு மேல?"

"மாடி."

"மாடியில வைப்போம்."

மாடிக்குப் போய்ப் பாத்ரூமுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். இது பெரிய டைல்ஸ் என்பதால் பெரிய எடை வேண்டும் என்று சீனிமுத்து சொன்னான். குருவம்மாவின் ஆட்டுக்கல்லைத் தூக்கி வந்தார்கள். உரலை உருட்டி வந்தார்கள். பக்கத்துக் காலிமனையில் கிடந்த அஸ்திவாரக் கல்லைக் கயிறு கட்டி இழுத்தார்கள். எல்லாவற்றையும் அந்தக் கீறல் மேலே, ஜாலியைச் சுற்றி, கோடு பிடித்த மாதிரி வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

டீக்கடையில் இருந்தபோது சத்தம் கேட்டது. ஐப்பசி, எங்கேயோ இடி இடிக்கிறது என்றார் மேஸ்திரி. வடையைச் சாப்பிட்டு முடித்துத்தான் வந்தார்கள்.

பாத்ரூம் கதவைத் திறந்தால் நாலு சுவரும் ஒழுங்காக நின்றன. நடுவில் உரல் நின்றது. மேலே ஒன்றும் இல்லை. டைல்ஸ் இல்லை, காரை இல்லை, தளம் இல்லை, ஜாலியும் இல்லை. ஆகாயம் மட்டும் இருந்தது.

நாலு பேரும் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள்.

"டைல்ஸ் மேலெழும்பலை மேஸ்திரி" என்றான் மொக்கையன்.

"அதான் எடை வைக்கணும்ங்கிறது" என்றார் மேஸ்திரி.

அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கார் வருகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தெரியாத நேரத்தில் தெரிந்ததைச் செய்வார்கள் மனிதர்கள். இவர்களுக்குத் தெரிந்தது தரை. இடிபாட்டை எல்லாம் கொல்லைப்பக்கம் அள்ளிக் கொட்டினார்கள். தரையில் விரிசல் விட்ட டைல்ஸைப் பெயர்த்து வேறு பதித்தார்கள். ஜாயிண்டை அடைத்து, துடைத்து, காய விட்டு, ஷவர் குழாயைக்கூடப் பளபளவென்று தேய்த்து வைத்தார்கள். அப்படி ஒரு தரையை அவர்களே அதற்கு முன்னால் போட்டதில்லை.

கார் வந்தது. வருகிற வழியெல்லாம் குருவம்மா முகட்டைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கினதும் செண்பகத்துக்கு ஆரத்தி எடுக்கத் தட்டைத் தேடினார். அதற்குள் சம்பந்தியம்மா, அதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பார்த்துவிடுகிறேன் என்று நேராகப் பாத்ரூமுக்கு நடந்தார். பழைய அடி ஞாபகம் இருந்ததால் வளைகாப்புத் தாம்பாளம் ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

குருவம்மா பின்னாலேயே ஓடி, கதவுப் பக்கமாக எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். செண்பகம் அம்மாவின் கையை அழுத்தினாள். முழங்கை வரைக்கும் வளையல், அழுத்தினது அம்மாவுக்கு நன்றாகவே வலித்திருக்கும்.

"பேசாத இரும்மா" என்றாள் காதோடு. "அத்தை முகத்தைப் பாரு."

சம்பந்தியம்மா தாம்பாளத்தைக் கொஞ்சமாகச் சாய்த்து மேலே பார்த்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அப்புறம் தாம்பாளத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீலமா எடுத்திருக்கீங்க" என்றார்.

கதவோரம் நின்ற நாலு பேர் பக்கம் திரும்பினார்.

"ஜாயிண்டே தெரியலையே மேஸ்திரி. ஒரே பீஸா?"

ஆண்டிச்சாமி மேஸ்திரிக்குப் பொய் சொல்ல வராது. அண்ணாந்து பார்த்து ஜாயிண்டு தேடினார். இல்லை.

"ஒரே பீஸ்தாம்மா."

"எந்தக் கம்பெனி?"

"தெரியாதும்மா. நாங்க பார்க்கும்போதே அங்கதான் இருந்துச்சு."

"விழுமா?"

மேஸ்திரி மற்ற மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

"இதுவரைக்கும் விழுந்து நாங்க பார்த்ததில்லை."

சம்பந்தியம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் சித்தி மக வீட்டில்கூட இவ்வளவு பெரியது இல்லை, முகடு உயரமாகவும் தெரிகிறது, காற்றோட்டமாகவும் இருக்கிறது என்றார். மருமகளிடம் எப்படி என்று கேட்டார். நல்ல டைல்ஸ் அத்தை என்றாள் செண்பகம். கசாயப் பையைக் காரிலிருந்து இறக்கச் சொல்லலாமா என்று சம்பந்தியம்மா திரும்பினார். திரும்பினவர் நின்றார்.

"அது என்ன ஓரத்துல?"

மேற்குப் பக்கச் சுவருக்கு மேலே கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது.

"கறை" என்றார் சம்பந்தியம்மா. "புது டைல்ஸ்ல இவ்வளவு பெரிய கறையா? அதுவும் பரவுது. மதினி, இப்படி அழுக்கு ஊறுற இடத்துல புள்ளைத்தாச்சி குளிச்சா நல்லாவா இருக்கும்? டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்லுங்க. செண்பகம், ஏறு."

குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செண்பகம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிறேன் என்றாள். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. முகட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். தன் வேலையில் கறை இருக்கிறது என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"போகாதீங்கம்மா. கழுவி விட்டிருவோம்."

பிரஷ், சோப்புத்தூள், வாளி, தென்னை விளக்குமாறு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாலு பேரும் மாடிக்கு ஏறினார்கள். விளக்குமாற்றை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டினார்கள். தளம் போன இடத்தைச் சுற்றி, மிச்சம் இருந்த ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கம்பை உயர்த்தித் தேய்க்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்துகொண்டு தேய்த்ததால் எட்டவில்லை. நின்றிருந்தாலும் எட்டியிருக்காது, அது வேறு விஷயம்.

கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அப்புறம் கொட்டியது. சம்பந்தியம்மா தாம்பாளத்தை மறுபடி தலைக்குப் பிடித்துக்கொண்டு பாத்ரூமிலேயே நின்று பார்த்தார்.

"தண்ணி கீழ வருதே அத்தை, நனையுறீங்க" என்றாள் செண்பகம்.

"மேல கழுவினா கீழ வரத்தான செய்யும்."

இடி இடித்தது.

"நல்லா அழுத்தித் தேய்க்கிறாங்க" என்றார் சம்பந்தியம்மா.

மேலே நாலு பேரும் தொப்பலாக நனைந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சீனிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. விளக்குமாறு எங்கேயும் படுகிற மாதிரி தெரியவில்லையே என்றான்.

"கறை வெளுக்குதா இல்லையா?" என்று கேட்டார் மேஸ்திரி.

சீனிமுத்து பார்த்தான். மேற்கே ஓரமாக வெளுத்துக்கொண்டுதான் வந்தது.

"வெளுக்குது."

"அப்ப படுது. தேய்."

தேய்த்தார்கள். மழை விட்டது. கறை முழுக்கப் போய், முன்னைவிடப் பளிச்சென்று நீலம் தெரிந்தது. மொக்கையன் ஈரத் துண்டைப் பிழிந்து கம்பில் சுற்றி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் திப்பியையும் துடைத்தான். அதுவும் மெதுவாக நகர்ந்து போய்விட்டது.

கீழே சம்பந்தியம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, வேலை என்றால் இது வேலை என்றார். எங்கள் ஊரில் இப்படிச் சொன்னதும் ஏறிக் கழுவுகிறவன் எவன் இருக்கிறான் என்று டிரைவரிடம் சொன்னார். செண்பகத்தின் பெட்டி இறங்கியது. கசாயப் பை இறங்கவில்லை, அது வண்டியிலேயே இருக்கட்டும் அத்தை, அம்மா செய்வாள் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். குருவம்மா மகளைப் பிடித்து ஒரு ஓரமாக உட்கார வைத்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

காரில் ஏறப் போன சம்பந்தியம்மா ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இறங்கினார். வீடு கட்டி அனுபவப்பட்டவர் இல்லையா.

"மேஸ்திரி, டைல்ஸ் எடுத்தா ரெண்டு பீஸ் கூடுதலா எடுத்து வைக்கணும். பின்னாடி ஒண்ணு உடைஞ்சுதுன்னா அதே கலர் கிடைக்காது. மிச்சம் வச்சிருக்கீங்களா?"

மேஸ்திரி நடுத்தெருவுக்கு வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். கிழக்கே கண்மாய் வரைக்கும் பார்த்தார், மேற்கே மலை வரைக்கும் பார்த்தார். மற்ற மூன்று பேரும் அவர் பார்த்த பக்கமெல்லாம் பார்த்தார்கள்.

"மிச்சம் நிறையக் கிடக்கும்மா" என்றார் மேஸ்திரி. "எடுத்து உள்ள வைக்கத்தான் இவங்க வீட்ல இடம் பத்தாது."